நடுவுல வர்றது யாருது

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பஸ் அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக வாசல் கேட்டின் தூணில் உரசியபோது உள்ளே நாற்பத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி டிரைவரின் மனைவி. தகரம் கிழிகிற சத்தம் கேட்டதும் மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் மட்டும் புருஷனின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

கம்பெனியில் அவளுக்கு ஒட்டுக்காரி என்று பேர். பசைப் பிரிவில் பதினாலு வருஷம். மடிந்து வரும் அட்டையின் ஓரத்தில் ஒரே இழுப்பில் பசை தடவி, மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்து, அடுத்த அட்டைக்குப் போகவேண்டும். மூன்றுக்கு முன்னால் கையெடுத்தால் பெட்டி வாயைப் பிளக்கும். மூன்றைத் தாண்டினால் பின்னால் அட்டை குவிந்துவிடும். கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோய் அவளுடைய செல்போனே அவள் விரலை ஒத்துக்கொள்வதில்லை.

பஸ் நின்றதும் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் வந்தார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் மோப்பம். யார் வண்டியில் கீறல் விழுந்தாலும் முதலில் வாயை முகர்ந்து பார்ப்பார், அப்புறம்தான் கீறலைப் பார்ப்பார்.

"வாயத் தொறங்க."

"எதுக்கு சார்?"

"தொறங்கன்னா தொறங்க."

பெண்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். டிரைவர் வாயைத் திறந்தான். மோப்பம் குனிந்து முகர்ந்தார்.

"பெப்பர்மின்ட் வாசன."

"பெப்பர்மின்ட் தின்னா பெப்பர்மின்ட் வாசனதான் வரும்."

"எத மறைக்கத் தின்னீங்கன்னு கேக்கறேன்."

இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலைதான் ஒட்டுக்காரியைப் பயமுறுத்தியது.

பசை மேசையில் அன்று முழுவதும் ஒரே பேச்சு.

"காலையிலயேவாக்கா?" என்றாள் பக்கத்தில் நிற்பவள்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"பக்கத்துல படுக்கறவங்களுக்குத் தெரியாம?"

"உன் அட்டையப் பாரு. வாயப் பொளந்துட்டு நிக்குது."

ஆனால் அவளுக்கும் கொஞ்ச நாளாகச் சந்தேகம் இருந்தது. மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பில் சேர்ந்ததற்கு அடுத்த வருஷம்தான் இது ஆரம்பித்தது. அவன் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்கிறான். மேசைமேல் வைத்த டீயைக் கையால் தட்டிவிடுகிறான். ஸ்கூட்டரில் அவளை உட்காரவைத்துப் போவதை நிறுத்திவிட்டான். கேட்டால் டயர் சரியில்லை என்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குளியலறை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வான். தண்ணீர்ச் சத்தம் இருக்காது. ரெண்டு நிமிஷம் கழித்து வரும்போது கண் ரெண்டும் சிவந்து ஈரமாக இருக்கும்.

மாமியார்க்காரி வெங்காயம் உரித்தபடியே இதையெல்லாம் கவனித்துவந்தாள்.

"என் வீட்டுக்காரரும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சாரு. முதல்ல கதவச் சாத்துவாங்க. அப்புறம் வாயச் சாத்துவாங்க."

"உங்க புள்ளதானே? நீங்களே கேளுங்க."

"பெத்தவகிட்ட உண்மையச் சொல்ற புள்ள எங்க இருக்கான்? நீ தேடினியா?"

தேடியிருந்தாள். அரிசி டப்பா, தண்ணித் தொட்டிக்குப் பின்னால், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், அவனுடைய பழைய ஷூவுக்குள். எங்கேயும் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் ரெண்டு மடங்காயிற்று. இவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறவர் இன்னும் என்னென்ன ஒளிக்கிறாரோ.

அந்த வாரம்தான் கம்பெனிக்குப் பின்னால் இருந்த பழைய பேப்பர் கிடங்கில் ஷட்டில் கோர்ட்டு போட்டார்கள். பெட்டிகளில் எழுத்து அடிக்கிற கறுப்பு மையாலேயே தரையில் கோடு இழுத்திருந்தார்கள். தகரக் கூரை, மழை பெய்தால் பேசுவது காதில் விழாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷன் பெண்டாட்டி ஜோடிகளுக்கு ஆட்டம், ஆடத் தெரியாதவர்கள்தான் சேரலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டுக்காரி யாரையும் கேட்காமல் ரெண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு விளையாட்டு வேற கேக்குதா?" என்று வீட்டில் அவன் குதித்தான்.

"மோப்பமும் அவர் சம்சாரமும் பேர் கொடுத்திருக்காங்க. நீங்க வரலேன்னா என்ன பேசுவாங்கன்னு நெனச்சுப் பாத்துக்குங்க."

அவன் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தான். "நீ எதுக்கு இதுல சேர்ந்த?"

"சும்மாதான். உடம்புக்கு நல்லது."

சும்மா இல்லை. குடித்தவனால் பறக்கிற இறகுப்பந்தை அடிக்க முடியாது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ரெண்டு மணி நேரம் வெளிச்சத்தில் கண்ணெதிரே நிற்கட்டும், குட்டு தானாக வெளியே வரும்.

சொல்லிக் கொடுத்தவள் ஸ்டோரில் வேலை பார்க்கும் பெண். காலேஜில் ஆடியவள். பேர் கொடுத்த நாலு ஜோடியையும் சுவரோரம் நிற்கவைத்து, கையில் பேட்டோடு கோட்டுமேல் நடந்து காட்டினாள்.

"ரெட்டையர் ஆட்டத்துக்கு ஓரத்துக் கோடு வரைக்கும் உங்க கோர்ட்டுதான். சர்வீஸ் மட்டும் கொஞ்சம் வேற. குறுக்காப் போடணும், இடுப்புக்குக் கீழருந்து போடணும், பின்னாடி ரெண்டு கோடு இருக்கு பாருங்க, அதுல உள்கோட்டத் தாண்டக் கூடாது. உங்க பாயிண்டு ரெட்டைப் படைன்னா வலப்பக்கம் நின்னு போடுங்க, ஒத்தைப் படைன்னா இடப்பக்கம். பாயிண்டு எடுத்தா சர்வீஸ் போடற ஜோடி மட்டும் இடம் மாத்திக்கணும். வாங்கற ஜோடி நின்ன இடத்துலயே நிக்கணும்."

"தாலி கட்டும்போதுகூட இவ்வளவு ரூல் சொல்லல," என்றார் ஒரு லோடிங்காரர்.

"சொல்லியிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பீங்கண்ணே. இப்பக் கேளுங்க. நீங்க ஓங்கி அடிக்கறப்ப ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி. அவங்க அடிக்கறப்ப ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. ஆளுக்குப் பாதி. சரியா?"

"நடுவுல வந்தா யாருது?" என்று ஒட்டுக்காரி கேட்டாள்.

"அங்கதான்க்கா பாதி சண்டை வரும். யாருக்கு வாட்டமா வருதோ அவங்க எடுக்கணும். சோத்துக்கை நடுப்பக்கம் இருக்கறவங்களுக்குச் சுலபம். எதுவானாலும் வாயத் தொறந்து கத்தணும். 'எனக்கு', இல்லேன்னா 'உனக்கு'. பேசாம நின்னா ரெண்டு பேரும் விட்டுடுவீங்க. ரெண்டு பேரும் தொட்டாலும் தப்பு."

முதல் ஞாயிறு அவனைப் பார்த்து ஒட்டுக்காரி அசந்துபோனாள். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய மணிக்கட்டு. வலைக்கு மேலே வந்ததையெல்லாம் நறுக்கென்று தட்டினான். கால் தடுமாறவில்லை, கை நடுங்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவளை உறுத்தியது. கோர்ட்டில் இறங்கியதும் இடது ஓரக் கோட்டை ஒட்டிப் போய் நின்றுகொண்டான்.

"இவ்வளவு தள்ளி நின்னா எப்படிண்ணே? பாதிக்கு நடுவுல வாங்க," என்றாள் ஸ்டோர்ப் பெண்.

"எனக்கு இதுதான் வசதி."

"அக்கா, உங்களுக்கு முக்கால் கோர்ட்டு வருது பாருங்க."

"வீட்டுலயும் அப்படித்தான்," என்றாள் ஒட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இடம் மாறி அவன் வலப்பக்கம் வந்தால் ஆட்டம் கெட்டது. நடுவில் வந்த இறகெல்லாம் அவன் இடது தோளோரமாகத் தரையில் விழுந்தது. விழுந்த பிறகு, "உன்னுதுதானே அது?" என்பான்.

"உங்க தோளுக்குப் பக்கத்துல வந்துச்சு."

"உன் கைதான் கிட்ட இருந்துச்சு. நீ கத்தவே இல்லையே."

அவளை மட்டம்தட்டவே வேண்டுமென்று விடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆட்டத்தில் சேர்த்துவிட்ட கோபம்.

நாலாவது ஞாயிறு போட்டி. கம்பெனியில் பாதிப்பேர் கிடங்குச் சுவரோரம் காகித உருளைகள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தூறல். எதிர் ஜோடி மோப்பமும் அவர் மனைவியும். அந்த அம்மா குண்டு, ஓடமாட்டார். ஆனால் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்துப் போடத் தெரிந்தவர். நாலாவது பாயிண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். டிரைவர் வலப்பக்கம் நின்றால் நடுவில், இடப்பக்கம் நின்றால் கோட்டோரம். போட்டுக்கொண்டே இருந்தார்.

ஏழுக்குப் பத்து. மறுபடியும் நடுவில் வந்தது. "எனக்கு!" என்று கத்திக்கொண்டே ஒட்டுக்காரி இடப்பக்கமிருந்து பாய்ந்தாள். அதே நேரம் அவன் சத்தம் வந்த பக்கம் பேட்டை வீசினான். விளிம்பு அவள் புருவத்தில் பட்டது. கிடங்கு முழுக்க "ஐயோ" என்றது.

"காலை ஒன்பது மணிக்கேவா?" என்று உருளைமேலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

ஏழுக்குப் பதினொன்று. பதினொன்று வந்தால் ஒரு நிமிஷம் ஓய்வு. ஸ்டோர்ப் பெண் பஞ்சை வைத்து அவள் புருவத்தை அழுத்தினாள். அழுத்தும்போது ஒட்டுக்காரி வலியை நினைக்கவில்லை. இறகு நடுவில் வந்த நொடியில், அவள் கத்துவதற்கு முன்னால், அவன் முகம் இருந்த விதம்தான் மனதில் நின்றது. தவறவிடுகிறவனுக்குக் கை கொஞ்சமாவது எழும்பும். முகமாவது திரும்பும். இவருக்கு எதுவுமே நடக்கவில்லை. இறகே வராதது மாதிரி, அவளே அங்கே இல்லாதது மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் வலையைப் பார்த்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவள் சத்தமில்லாமல் அவன் இடப்பக்கம் போய் நின்றாள். ஒரு முழ தூரம்கூட இல்லை. தண்ணீர்ப் பாட்டிலை அவன் தோளுக்கு நேராக நீட்டினாள். அவன் திரும்பவில்லை. பாட்டிலைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண் இமைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனதும் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

"எப்ப வந்த?"

"இப்பத்தான்," என்றாள்.

ஆட்டம் தொடர்ந்தது. என்ன செய்கிறோம் என்று தெரிந்தும் தெரியாமலும் அவள் ஆடினாள். "நீங்க வலைகிட்டயே நில்லுங்க. பின்னாடி எல்லாம் எனக்கு," என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. முன்னால் நின்றவனுக்கு எல்லாம் கண்ணெதிரே வந்தது. தட்டித் தட்டிப் போட்டான். பக்கவாட்டில் வந்ததையெல்லாம் அவள் ஓடி ஓடி எடுத்தாள். பசை மேசையில் பதினாலு வருஷம் நின்ற கால், வலித்தது, ஓடியது. இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது என்று ஜெயித்துவிட்டார்கள்.

மோப்பம் வலைக்கு அடியில் குனிந்து வந்து டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தப்பா நெனச்சுட்டேன் டிரைவரே. குடிக்கறவன் இப்படி ஆட முடியாது. நாளைக்குப் புது பஸ் வருது, நீங்களே எடுங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். ஊர் வாய் மூடியது. அவள் மட்டும் கை தட்டவில்லை.

திரும்பும் வழியில் ஒரே குடை. அவன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தான். தெருமுனையில் அவள் நின்றாள்.

"எத்தன நாளா?"

"எது?"

"இடப்பக்கம்."

அவன் குடையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். மழை தட்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சு மாசம்," என்றான். "கண்ணுக்குள்ள அழுத்தமாம். இடது கண்ணுல ஓரமெல்லாம் போயிருச்சு. வலதுலயும் ஆரம்பிச்சிருக்காம். நேராப் பாத்தா எல்லாம் பளிச்சுன்னு தெரியும். அட்டையில எழுத்துக் காட்டி டெஸ்ட் வெக்கறாங்களே, அதுல கடைசி வரி வரைக்கும் படிச்சிருவேன்."

"குளியல் ரூமுல?"

"சொட்டு மருந்து. ரெண்டு வேளை."

"அப்ப அந்தப் பெப்பர்மின்ட்?"

அவள் குடையிலிருந்து வெளியே வந்து நின்றாள். "சொல்லுங்க."

"குடிக்கறான்னு நெனச்சா எச்சரிக்கை கொடுப்பாங்க. மிஞ்சினா ஒரு மாசம் வீட்டுல உக்கார வெப்பாங்க. கண்ணு தெரியலன்னா வண்டியே கெடையாது. அவங்களா குடின்னு நெனச்சுக்கட்டும்னு விட்டேன்."

"நானும் நெனச்சேன்ல? உங்கம்மா நெனச்சாங்கல்ல? ஷூக்குள்ளல்லாம் கையவிட்டுத் தேடினேன்."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அந்த வண்டியில நாப்பத்திரெண்டு பொம்பளைங்க உக்காந்திருக்கோம். இடப்பக்கந்தான் ஏறறோம், இடப்பக்கந்தான் எறங்கறோம்."

"கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துத்தான் ஓட்டறேன். மூணு கீறலுக்கு மேல என்ன ஆச்சு? புள்ளைக்கு இன்னும் ஒன்றரை வருஷம் படிப்பு இருக்கு. அதுவரைக்கும்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீ போய்ச் சொல்லிடுவியா?"

அவள் மழையிலேயே முன்னால் நடந்தாள். அன்று முழுக்க, அவள் செல்போனைக் கையில் எடுத்தால் அவன் பார்த்தான். பக்கத்து வீட்டு வாசலில் நின்றால் வந்து நின்றான். இதுவரை அவள் அவனை வேவு பார்த்தாள், இப்போது அவன் முறை. மாமியார் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சுட்டு வந்தவங்க மூஞ்சியா இது?" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஒட்டுக்காரி முட்டையும் சோறும் டப்பாவில் அடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே," என்றான் அவன்.

"நான் பஸ்ல வரல. நடந்து போறேன்."

"ஆறு கிலோமீட்டர்."

"இருக்கட்டும்."

"என்ன மெரட்டறியா?"

"இல்ல. எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

மழை விட்டிருந்தது. சாலையோரம் முழுக்கச் சேறு. ஆஸ்பத்திரியைத் தாண்டி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, மரக்கடைகளைத் தாண்டி நடந்தாள். குடை குச்சியாகக் கையில் இருந்தது. கம்பெனிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சாக்கடைப் பாலம். சாலை அங்கே குறுகும். அவள் பாலத்தில் கால் வைத்தபோது பின்னால் இரைச்சல் கேட்டது. எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

புது பஸ் அவளை உரசினாற்போலக் கடந்தது. காற்று சேலையை இழுத்தது. அவள் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஹாரன் இல்லை, வேகம் குறையவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் அலறினார்கள்.

"அண்ணே! அக்கா! நம்ம ஒட்டுக்காரியக்கா! நிறுத்துங்க!"

முப்பதடி தள்ளிப் பஸ் நின்றது. டிரைவர் இறங்கினான். சுற்றி வந்து பார்த்தான். பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்ற மனைவியையும், அவள் காலடியில் சக்கரம் இழுத்துப்போன கோட்டையும் பார்த்தான். அவள் கால்விரலுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அவன் அங்கேயே குந்திவிட்டான்.

"ஒட்டுக்காரிய ஏத்திக்கலாமாண்ணே? நேரமாச்சு," என்று ஒருத்தி படியிலிருந்து கேட்டாள்.

அவன் எழுந்து படிக்குப் போனான். "எல்லாரும் எறங்குங்க. இனிமே நான் ஓட்டக் கூடாது."

"ஏண்ணே, பிரேக் போச்சா?"

"கண்ணு போச்சு," என்றான்.

நாற்பத்தோரு பெண்களும் முணுமுணுத்துக்கொண்டே கடைசி ஒரு கிலோமீட்டரைச் சேற்றில் நடந்தார்கள். அன்றைக்குப் பசை மேசை இருபது நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது.

மோப்பம் முதலில் நம்பவில்லை. புது வண்டியை இடித்துவிட்டுக் கதை சொல்கிறான் என்றார். வண்டியில் கீறலே இல்லை என்றதும் இன்னும் குழம்பினார். கண் டாக்டரின் சீட்டைப் பார்த்த பிறகும், முந்தின நாள் தன்னைத் தோற்கடித்தவனுக்குப் பக்கப் பார்வை இல்லை என்பதை அவரால் ஏற்கவே முடியவில்லை. டிரைவர் மூன்று வாரம் வேலை இல்லாமல் இருந்தான். அப்புறம் லோடிங் முற்றத்தில் பெட்டிக் கட்டுகளுக்குக் கயிறு போடும் வேலை கொடுத்தார்கள். ஓட்டுநர் சட்டையை மாமியார் துவைத்து மடித்து உள்ளே வைத்தாள். மகள் தகவல் தெரிந்ததும் ரெண்டு நாள் லீவு போட்டு வந்து, மருந்தை இனி அம்மா கையால்தான் விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கம்பெனியில் இன்னும் சிலர், எல்லாம் குடியை மறைக்கச் சொன்ன கதை என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

வேலை மாறிய முதல் வாரம் ஒரு சாயங்காலம், கயிறு இழுத்துக் கொப்புளம் போட்ட கையோடு அவன் சாப்பிட உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள். கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு."

"கேளுங்க."

"பாலத்துல வலப்பக்கமும் நடக்கலாம், இடப்பக்கமும் நடக்கலாம். நீ வேணும்னேதானே எனக்குத் தெரியாத இடப்பக்கம் நடந்த?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இல்லேன்னு சொன்னா நம்புவீங்களா?"

அவன் யோசித்தான். "மாட்டேன்."

"ஆமான்னு சொன்னா?"

இதற்கு அவன் இன்னும் அதிக நேரம் யோசித்தான்.

"அதையும் நம்பமாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க? சாப்பிடுங்க, ஆறிப்போகுது," என்று சொல்லிவிட்டு, அவள் மருந்து பாட்டிலை எடுக்க எழுந்தாள்.